முதல் சீசன் 3.6 யார்டு: இந்தக் கரியர் தேறுமா?

கேள்வி இதுதான். சிமுலேஷன் ஃபுட்பால் லீகில் ஒரு ரன்னிங் பேக்கை உருவாக்கியிருக்கிறீர்கள். அணிகள் முறை வைத்துப் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 3-வது சுற்றில் ஒரு அணி எடுத்தது. முதல் சீசனில் 200 கேரி, அதாவது 200 தடவை பந்தோடு ஓடி, ஒரு கேரிக்குச் சராசரி 3.6 யார்டுதான் வந்தது, அணியும் கடைசி இடம். இப்போதே அவனுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு வேறு பொசிஷனில் புது ஆளைத் தொடங்கலாமா, இந்தக் கரியர் தேறுமா, அப்புறம் பொதுவாகவே, இல்லாத ஒரு ஆளின் கரியரை நல்லது கெட்டது என்று எதை வைத்துச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஓய்வு கொடுக்க வேண்டாம். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள். நானும் முதலில் உருவாக்கியது ரன்னிங் பேக்தான், அவனுடைய முதல் சீசன் உங்கள் ஆளுடையதைவிட மோசம்.

இந்தப் பக்கம் புதிதாக வருபவர்களுக்கு நாலு வரி. அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு டவுன், அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடி நான்கு. ரன்னிங் பேக் என்பவன், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடுகிறவன். ஃபேன்டசி லீக் எல்லாருக்கும் தெரியும், அங்கே நிஜ ஆட்டக்காரர்கள் நிஜ மைதானத்தில் எடுத்ததை வைத்து நமக்குப் புள்ளி. சிமுலேஷன் லீகில் நிஜ ஆள் யாருமே கிடையாது. நீங்கள் ஒரு ஆளுக்குப் பெயர், உயரம், எடை, பொசிஷன் கொடுத்து உருவாக்குகிறீர்கள், இன்னும் நூறு பேர் இருநூறு பேர் அதேபோல ஆளுக்கொருவனை உருவாக்குகிறார்கள், எல்லாரையும் அணி அணியாகப் பிரித்து ஒரு மென்பொருள் ஆட்டத்தை ஆடிக் காட்டுகிறது. இதன் மூதாதை அட்டையும் பகடையும். 1951-இல் பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் ஆப்பா பேஸ்பால், 1961-இல் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக், இரண்டும் பிறகு ஃபுட்பாலுக்கும் வந்தன. கம்ப்யூட்டரில் 1998-இல் ஜிம் கின்டின் எழுதிய ஃப்ரன்ட் ஆபீஸ் ஃபுட்பால் வந்தது, அதில் நீங்கள் ஜிஎம் (அணி மேலாளர்) நாற்காலியில் உட்கார்ந்து முழு அணியையும் நடத்தலாம். ஒரு மனிதருக்கு ஒரே ஒரு ஆட்டக்காரன் என்ற ஏற்பாடு ஃபுட்பாலில் நன்றாக வேர்விட்டது 2017-இல் நேஷனல் சிமுலேஷன் ஃபுட்பால் லீக் தொடங்கிய பிறகு. 2020-இல் அது இன்டர்நேஷனல் என்று பெயரை மாற்றிக்கொண்டது. ஆட்டத்தை ஓட்டுவது டிராஃப்ட் டே ஸ்போர்ட்ஸ் வரிசை மென்பொருள். வேறு லீகுகளும் இருக்கின்றன, விதிகளில் சின்னச் சின்ன வேறுபாடு உண்டு, அடிப்படை ஒன்றுதான்.

அந்த அடிப்படையை நீங்கள் சரியாகப் பிடித்துக்கொண்டால் உங்கள் பாதிக் கேள்விக்குப் பதில் வந்துவிடும். உங்கள் கையில் இருப்பது பயிற்சிப் புள்ளி, நாங்கள் டிபிஇ என்போம். வாரா வாரம் செய்ய வேண்டியதைச் செய்தால் புள்ளி சேரும், அதைக் கொண்டு ஆளுடைய வேகம், பலம், சுறுசுறுப்பு, கைப்பிடி, தாக்குப்பிடிக்கும் சக்தி ஆகியவற்றை உயர்த்தலாம். யார்டு உங்கள் கையில் இல்லை. அது மென்பொருள் உருட்டும் பகடை, உங்கள் ஆளின் எண், எதிரே நிற்கிறவனின் எண், முன்னால் எதிரணியைத் தடுத்து வழி உண்டாக்குகிற லைன்மேன்களின் எண், கோச் கொடுத்த திட்டம் எல்லாம் சேர்ந்து விழுவது. நீங்கள் 3.6 என்ற எண்ணைப் பார்த்துக் கவலைப்படுகிறீர்கள். நான் கேட்கிற கேள்வி வேறு: அந்த சீசனில் எத்தனை வாரம் புள்ளியை விட்டீர்கள்? ஒரு வாரமும் விடவில்லை என்றால் உங்கள் ஆள் நல்ல கரியரில்தான் இருக்கிறான், யார்டு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

இந்த 3.6-ஐயே கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஓட்டத்தில் ஒவ்வொரு கேரியும் வெவ்வேறு. ஒன்று இரண்டு யார்டு, அடுத்தது பின்னால் ஒன்று, அடுத்தது திடீரென்று 22. இந்தச் சிதறல் ஒரு கேரிக்கு 6 யார்டு அளவு என்று வைத்துக்கொண்டால், 200 கேரியின் சராசரியில் தற்செயல் மட்டுமே 0.4 யார்டு அளவுக்கு மேலேயோ கீழேயோ இழுத்துவிடும். அதாவது உண்மையில் 4.0 ஓடக்கூடிய ஆள் ஒரு சீசன் 3.6 என்று காட்டுவது சர்வசாதாரணம். ஒரே ஒரு நீண்ட ஓட்டம், 60 யார்டு, அது விழுந்திருந்தால் உங்கள் சராசரி 3.9 ஆகியிருக்கும், நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டே இருக்க மாட்டீர்கள். நிஜ ரன்னிங் பேக் எம்மிட் ஸ்மித் 1990-இல் டல்லஸ் அணிக்கு வந்த முதல் சீசனில் ஓடியது 937 யார்டு, சராசரி 3.9. அவர்தான் 18,355 யார்டோடு இன்றைக்கும் அமெரிக்காவின் முதன்மை லீகான என்எஃப்எல்லின் வரலாற்றில் முதல் இடத்தில் இருக்கிறார்.

அப்புறம், எந்த இடத்தில் உங்கள் ஆளிடம் பந்தைக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் வரும் ஒவ்வொரு பிளேயின் பதிவையும் திறந்து, உங்கள் ஆள் பெயர் வரும் வரிகளை மட்டும் எடுத்து ஒரு ஷீட்டில் போடுங்கள். எத்தனையாவது டவுன், எத்தனை யார்டு பாக்கி, மைதானத்தில் எந்த இடம், எத்தனை கிடைத்தது என்று நான்கு பத்தி போதும். நான் என் ஆளுக்கு இதை முதல் தடவை செய்தபோது ராத்திரி ஒரு மணி. பார்த்தால் அவனுடைய கேரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஒன்று இரண்டு யார்டு மட்டும் பாக்கி இருக்கும்போது எல்லாரும் நெருக்கி நிற்கிற இடத்தில் கொடுத்தது. அங்கே 2 யார்டு எடுத்தாலே வேலை முடிந்தது, ஆனால் சராசரிக் கணக்கில் அது கெட்ட ஓட்டம். கோல் கோட்டுக்கு ஒரு யார்டில் கொடுத்தால் கோட்டைத் தாண்டி டச்டவுனே விழுந்தாலும் பதிவாவது 1 யார்டு. 2004 சீசனின் முதல் ஆட்டத்தில் பிட்ஸ்பர்க்கின் ஜெரோம் பெட்டிஸ் ஓக்லாந்துக்கு எதிராக 5 கேரியில் மொத்தம் 1 யார்டு எடுத்தார், அதில் 3 டச்டவுன். சராசரி 0.2 என்று யாராவது அன்றைக்கு அவரைத் திட்டியிருப்பார்களா? அவருடைய மொத்தக் கரியர் சராசரியே 3.9தான், 13,662 யார்டு, 2015-இல் சிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் பட்டியலிலும் சேர்ந்தார்.

உங்கள் அணி கடைசி இடம் என்றீர்கள். கடைசி இடத்தில் இருக்கிற அணி பெரும்பாலும் பின்தங்கியே ஆடும், பின்தங்கினால் திட்டம் தானாக, பந்தை எறிந்து ஆடும் பாஸ் பக்கம் சாயும், ஓட்டம் கொடுப்பதெல்லாம் எதிரணிக்கு முன்கூட்டியே தெரிகிற இடங்களில்தான். லைன்மேன்கள் யார் என்றும் பாருங்கள். பல லீகுகளில் அந்த இடங்களில் மனிதர் உருவாக்கிய ஆள் போதாமல், உருவாக்கியவர் இல்லாத மென்பொருள் ஆளை (பாட், bot) நிறுத்துகிறார்கள். நல்ல பாட் வாங்க அணிக்குப் பணம் வேண்டும், கடைசி இட அணியிடம் அது வேறு எங்கோ போயிருக்கும். இதற்கு நிஜத்திலேயே கொடுமையான உதாரணம் டேவிட் கார். 2002-இல் புதிதாக வந்த ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் டிராஃப்டில் முதல் ஆளாக எடுத்த குவாட்டர்பேக், அந்த ஒரே சீசனில் 76 தடவை சாக் ஆனார், அதாவது பந்தை எறியும் முன்பே வீழ்த்தப்பட்டார், அது இன்னும் உடையாத ரெக்கார்ட். அந்த 76-ஐ அவர் தலையில் மட்டும் எழுதுவது நியாயம் இல்லை என்று நான் எப்போதும் சொல்வேன். சிமுலேஷனிலும் அதே நியாயம் உங்கள் ஆளுக்கு உண்டு.

3-வது சுற்றில் போனதைப் பற்றி ஒரே வார்த்தை: ஃபிராங்க் கோர். கல்லூரியில் இரண்டு முழங்காலும் அறுவை சிகிச்சை, 2005-இல் 3-வது சுற்றில் 65-வது ஆளாக சான் ஃபிரான்சிஸ்கோ எடுத்தது, முதல் சீசனில் 608 யார்டு, அடுத்ததில் 1,695. 16 சீசன் ஆடி மிகச் சரியாக 16,000 யார்டில் முடித்தார், வரலாற்றில் மூன்றாவது இடம், இத்தனைக்கும் ஒரு சீசனில்கூட லீகில் முதலாவதாக வந்ததில்லை. சிமுலேஷன் லீகில் சுற்று எண்ணுக்கு இதைவிடவும் மதிப்புக் குறைவு, ஏனென்றால் டிராஃப்ட் நாளில் ஜிஎம்கள் பார்ப்பது உங்கள் ஆளிடம் அன்றைக்கு இருக்கிற புள்ளியையும், நீங்கள் தொடர்ந்து வருவீர்களா என்பதையும். ஒரு மாதம் தாமதமாக உருவாக்கிய ஆள் மூன்றாவது சுற்றுக்குப் போவான், இரண்டாவது சீசன் முடிவில் முதல் சுற்று ஆட்களில் பாதிப் பேர் வருவதையே நிறுத்தியிருப்பார்கள். அவர்களுடைய ஆட்கள் சும்மா நிற்பார்கள். உங்கள் ஆள் ஏறிக்கொண்டிருப்பான்.

சரி, புள்ளியை எங்கே போடுவது? இங்கேதான் நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். என் முதல் ஆளின் ஜெர்ஸி எண் 41, அதனால் அணியில் எல்லாரும் அவனை நாற்பத்தொன்று என்றே கூப்பிட்டார்கள், நானும் இங்கே அப்படியே சொல்கிறேன். நாற்பத்தொன்றுக்கு முதல் இரண்டு சீசன் கிடைத்த புள்ளியையெல்லாம் வேகத்திலேயே கொட்டினேன். இந்த விளையாட்டில் ஒரு திறனை 50-லிருந்து 60-க்குக் கொண்டுபோவதற்கும் 80-லிருந்து 90-க்குக் கொண்டுபோவதற்கும் ஒரே விலை கிடையாது, மேலே போகப் போகப் பல மடங்கு ஏறும். வேகத்தை உச்சிக்குக் கொண்டுபோன செலவில், தாக்குப்பிடிக்கும் சக்தியையும் கைப்பிடியையும் நல்ல நிலைக்கே கொண்டுவந்திருக்கலாம். அதைச் செய்யாததால் என்ன ஆயிற்று என்றால், நாற்பத்தொன்று முதல் பாதியில் பறந்தான், மூன்றாவது கால் பகுதி வந்ததும் களைத்துப்போய் வெளியே உட்கார்ந்தான், மாற்று ஆள் உள்ளே போனான். பந்தை நழுவவிடுவதும் அவனிடம் அதிகம். கோச் அவனை மூன்றாவது டவுனில் நிறுத்தவே மாட்டார், ஏனென்றால் பாஸ் வந்தால் பிடிக்க மாட்டான், குவாட்டர்பேக்கைக் காக்க பிளாக்கும் செய்ய மாட்டான். வேகம் மட்டும் இருக்கிறவன் களத்தில் பாதி நேரம் கூட இருக்கவில்லை.

அதைத் திருத்த எனக்கு ஒன்றரை சீசன் பிடித்தது. நீங்கள் அந்த ஒன்றரை சீசனை மிச்சப்படுத்திக்கொள்ளலாம். முதலில் தாக்குப்பிடிக்கும் சக்தியையும் பந்தை நழுவவிடாமல் வைத்திருக்கும் திறனையும் விலை சட்டென்று ஏறுகிற படிக்குச் சற்றுக் கீழே வரை கொண்டுபோங்கள். களத்தில் நிற்கிற நேரம்தான் முதலீடு, மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். பிறகு வேகம், பிறகு உங்கள் வகைக்கு ஏற்றது: இடித்துக்கொண்டு ஓடும் வகை என்றால் பலம், வளைந்து ஓடும் வகை என்றால் சுறுசுறுப்பு, பாஸ் வாங்கும் வகை என்றால் கைப்பிடி. உங்கள் லீகில் வகைக்கு உச்சவரம்பு எவ்வளவு என்று விதியில் எழுதியிருப்பார்கள், அதை ஒரு தடவை ஒழுங்காகப் படித்துவிட்டுப் போடுங்கள். ஜிஎம்மிடமும் பேசுங்கள். பல ஜிஎம்கள் தங்கள் கம்ப்யூட்டரில் அடுத்த ஆட்டத்தை நூறு இருநூறு தடவை ஓட்டிப் பார்த்துத்தான் திட்டம் போடுகிறார்கள். இந்தப் பத்துப் புள்ளியை எதில் போட்டால் அணிக்கு உதவும் என்று நேரடியாகக் கேட்டால் ஓட்டிப் பார்த்தே சொல்வார்கள். அப்படிக் கேட்கிறவர்களை அவர்கள் மறப்பதும் இல்லை.

வேறு பொசிஷன் பற்றி. குவாட்டர்பேக் எல்லாருக்கும் ஆசை, ஆனால் ஒரு அணிக்கு ஒரு இடம்தான், மூன்று நான்கு சீசன் பெஞ்சில் உட்காரத் தயாரா என்று பாருங்கள். பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கும் கிக்கர் வேண்டுமானால் யோசிக்கலாம். உயர்த்த வேண்டிய திறன்கள் குறைவு, கரியரும் நீளம். நிஜத்திலும் அப்படித்தான், ஆடம் வினட்டேரி 24 சீசன் ஆடி 2,673 புள்ளி எடுத்தார், என்எஃப்எல்லில் அதைவிட யாரும் எடுத்ததில்லை. லைன்மேன் ஆகிறவர்களுக்கு என் தனி மரியாதை உண்டு, அவர்கள் பெயர் புள்ளிவிவரப் பெட்டியில் வராது, ஆனால் அணி அவர்களை விடவே விடாது. ஆனால் ஒன்று, உங்கள் கேள்வியிலேயே அந்த ஆளின் மேல் உங்களுக்கு இருக்கிற பிரியம் தெரிகிறது. பிரியம் இருக்கிற ஆளை விட்டுவிட்டு கணக்குப் பார்த்து உருவாக்கிய ஆளோடு மாதக்கணக்கில் வாரா வாரம் உட்கார முடியாது. முயன்றவர்களைப் பார்த்திருக்கிறேன், மூன்றாவது மாதமே காணாமல் போனார்கள்.

கரியரை எதை வைத்து அளப்பது என்று கேட்டீர்கள். மொத்த யார்டை மட்டும் வைத்து வெவ்வேறு காலத்து ஆட்களை ஒப்பிடுவது எனக்குப் பிடிக்காது, நிஜத்திலும் சரி, இங்கேயும் சரி. என்எஃப்எல்லில் 1961 முதல் 1977 வரை ஒரு சீசனுக்கு 14 ஆட்டம், 1978-இலிருந்து 16, 2021-இலிருந்து 17. 1973-இல் ஓ.ஜே. சிம்ப்சன் எடுத்த 2,003 யார்டு 14 ஆட்டத்தில் வந்தது, ஆட்டத்துக்கு 143. 1984-இல் எரிக் டிக்கர்சன் எடுத்த 2,105தான் ரெக்கார்ட், ஆனால் அது 16 ஆட்டத்தில், ஆட்டத்துக்கு 132-க்குச் சற்றுக் குறைவு. 2024-இல் சேக்வான் பார்க்லி 16 ஆட்டம் ஆடி 2,005, ஆட்டத்துக்கு 125. யார் பெரியவர் என்று இதை வைத்து நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை, வரிசையைப் பார்க்கும் விதம் மாறுகிறது என்றுதான் சொல்கிறேன். விதி மாறினாலும் எண் மாறும். 1978-இல், பாஸ் பிடிக்க ஓடும் ரிசீவரை 5 யார்டுக்கு மேல் தொட்டுத் தடுக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள், ஆறே வருடத்தில் டேன் மரினோ 5,084 யார்டு பாஸ் எறிந்தார். சிமுலேஷன் லீகில் இந்த மாற்றம் இன்னும் வேகமாக வரும். மென்பொருளின் புதிய பதிப்புக்கு லீக் மாறினால் ஒரே சீசனில் ஓட்டத்தின் சராசரி எல்லாருக்கும் ஏறலாம், இறங்கலாம். புது அணிகள் சேர்த்தால் நல்ல ஆட்கள் பரவிப்போய், மேல்மட்டத்தில் இருப்பவர்கள் பலவீனமான அணிகள் மேல் எண்ணைக் குவிப்பார்கள். அதனால் உங்கள் ஆளை அதே சீசனில் அதே மென்பொருளில் ஓடிய மற்ற ரன்னிங் பேக்குகளோடு மட்டும் ஒப்பிடுங்கள். லீக் முழுக்கச் சராசரி 3.8 ஆக இருந்தால் உங்கள் 3.6 ஒரு பிரச்சினையே இல்லை. இதை முதலில் பார்த்தீர்களா?

நீளமும் ஒரே அளவுகோல் இல்லை. டெரல் டேவிஸ் 1995-இல் 6-வது சுற்றில் 196-வது ஆள். காயத்தால் மொத்தம் 78 ஆட்டத்தோடு கரியர் முடிந்தது, 7,607 யார்டு, இது கோர் எடுத்ததில் பாதிகூட இல்லை. ஆனால் 1998-இல் 2,008 யார்டு, அதற்கு முந்தைய சீசனின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் 157 யார்டும் 3 டச்டவுனும், அதுவும் நடுவே ஒற்றைத் தலைவலி வந்து ஒரு கால் பகுதி வெளியே உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்து. 2017-இல் ஹால் ஆஃப் ஃபேம். உச்சம் உயரமாக இருந்தால் போதும் என்று அங்கே வாக்களித்தவர்கள் முடிவெடுத்தார்கள். சிமுலேஷன் லீகுகளிலும் இந்த வாதம் ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் நடக்கிறது, நான் எப்போதும் உச்சத்தின் பக்கம்.

இறங்குமுகம் பற்றி இப்போதே தெரிந்துகொள்ளுங்கள், ரெக்ரெஷன் என்பார்கள். குறிப்பிட்ட சீசன் தாண்டியதும் ஒவ்வொரு சீசன் முடிவிலும் சேர்த்த புள்ளியில் ஒரு பங்கு கழியும், வருடம் போகப் போகப் பங்கு பெரிதாகும். எதைக் குறைப்பது என்று நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும், அது உண்மையிலேயே கஷ்டமான வேலை. நாற்பத்தொன்றுக்கு முதல் கழிவு வந்த இரவில் தாளைத் திறந்து வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். வேகத்தைத் தொட்டால் அவன் அவனாக இல்லை, தாக்குப்பிடிக்கும் சக்தியைத் தொட்டால் மறுபடி பெஞ்ச். கடைசியில் வேகத்தைத்தான் குறைத்தேன். ஒரு காலத்தில் எல்லாப் புள்ளியையும் கொட்டி வளர்த்த அதே எண்ணைக் கையாலேயே இறக்கினேன். கைப்பிடியையும் பிளாக்கையும் விட்டுவைத்தேன்.

எப்போது நிறுத்துவது என்பதில் இரண்டு வழியும் நிஜத்தில் நடந்திருக்கிறது. பேரி சான்டர்ஸ் 1999 ஜூலையில், அன்றைய ரெக்கார்டான வால்டர் பேட்டனின் 16,726 யார்டுக்கு 1,457 யார்டு மட்டுமே பாக்கி இருக்கும்போது, நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே நிறுத்திவிட்டார். எம்மிட் ஸ்மித் 2002-இல் அந்த ரெக்கார்டை உடைத்துவிட்டு டல்லஸை விட்டு அரிசோனா போனார், 2003-இல் காயத்தோடு 256 யார்டுதான், எல்லாரும் முடிந்தது என்றார்கள். 2004-இல் இன்னொரு சீசன் ஓடினார், எடுத்தது 937 யார்டு. முதல் சீசனில் எடுத்த அதே 937. எனக்கு எண்களில் பிடித்த எண் அது.

நாற்பத்தொன்று ஸ்மித் வழியில் போனான். பத்தாவது சீசனில் இளம் ரன்னிங் பேக் ஒருவன் வந்து அவன் இடத்தைப் பிடித்தான், அந்த இளையவனை உருவாக்கியவருக்கு, நாற்பத்தொன்று விஷயத்தில் நான் செய்த தவறை முதல் வாரமே சொல்லிக் கொடுத்ததும் நான்தான். ஜிஎம் குறைந்த சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். அணியின் சம்பள உச்சவரம்பான சாலரி கேப்பில் மிஞ்சிய பணத்தில் அவர்கள் ஒரு நல்ல லைன்மேனை வாங்கினார்கள். அந்த சீசன் இறுதி ஆட்டத்தில் நான்காவது கால் பகுதி, நாங்கள் மூன்று புள்ளி முன்னால், மூன்றாவது டவுன், 4 யார்டு பாக்கி. பாஸ் வேண்டும், அதனால் உள்ளே இருந்தது நாற்பத்தொன்று. திரையில் ஒவ்வொரு வரியாக விழுகிறது. குவாட்டர்பேக் பின்வாங்குகிறார். பிளிட்ஸ், அதாவது எதிரணி கூடுதல் ஆட்களோடு அவர் மேல் பாய்கிறது. நாற்பத்தொன்று பிளாக். பாஸ் முடிந்தது, 11 யார்டு, ஃபர்ஸ்ட் டவுன். கடிகாரத்தை ஓடவிட்டு ஆட்டத்தை முடித்தார்கள். புள்ளிவிவரப் பெட்டியில் அந்த ஆட்டத்தில் அவனுக்குப் பக்கத்தில் இருந்தது 2 கேரி, 5 யார்டு. ஆனால் அந்த ஒரு வரியை, நாற்பத்தொன்று பிளாக் என்ற வரியை, அணியில் எட்டுப் பேர் தனித்தனியாகப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார்கள். அவன் 1,000 யார்டு தாண்டிய சீசன்களில் ஒருவரும் அப்படி எதுவும் அனுப்பியதில்லை.

நீங்கள் இந்த வாரம் செய்ய வேண்டியது: லீக் சராசரியைப் பாருங்கள், உங்கள் 200 கேரியை இடம் வாரியாகப் பிரித்து ஷீட்டில் போடுங்கள், மூன்றாவது டவுனில் உங்கள் ஆள் எத்தனை தடவை களத்தில் இருந்தான் என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை குறைவாக இருந்தால் அடுத்த புள்ளி எங்கே போக வேண்டும் என்று ஏற்கனவே சொல்லிவிட்டேன். ஷீட் தயாரானதும் எனக்கும் அனுப்புங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.